இரண்டரை வருடம், ஒரு கண் கருவி, விழாத புள்ளி

போன வாரம் பழைய அலுவலக நண்பர் ஒருவர் போன் செய்தார். அவருடைய அக்காவுக்கு ஏ.எல்.எஸ். என்று உறுதியாகிவிட்டதாம், உடம்பின் தசைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்க வைக்கும் நரம்பு நோய், எங்கள் அப்பாவுக்கு வந்த அதே நோய். பேச்சு இப்போதே குழறத் தொடங்கியிருக்கிறது. "நீங்க உங்க அப்பாவுக்கு வாங்கின கண் கருவி இப்ப விலை குறைஞ்சிருக்காமே, வாங்கலாமா?" என்று கேட்டார். எங்கள் கருவி மூன்று வாரம் பழுதாகிக் கிடந்து அன்றைக்குத்தான் வீடு திரும்பியிருந்தது. இருந்த கடுப்பில் "வேண்டவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு உறுத்தியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கருவி என்ன செய்யும் என்று பலருக்குத் தெரிந்திருக்கும். திரைக்குக் கீழே ஒரு பட்டை இருக்கும். அதன் கேமரா அகச்சிவப்பு ஒளியில் கண்மணியைப் பின்தொடரும். ஒரு எழுத்தை ஒரு விநாடி உற்றுப் பார்த்தால் அது திரையில் விழும், அப்புறம் ஒரு குரல் வாசிக்கும். கை, கால், நாக்கு எல்லாம் கைவிட்ட பிறகும் கண்ணை அசைக்கும் தசைகள் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும் நோய் இது. அந்த ஒரு சலுகையை நம்பித்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. விற்றவர் "ஸ்டீபன் ஹாக்கிங் பேசினாரே, அதேதான் சார்" என்றார். இதே நோயோடு வாழ்ந்த இயற்பியலாளர் ஹாக்கிங் பிற்காலத்தில் எழுதியது கண்ணால் அல்ல, கன்னத் தசையால். மூக்குக்கண்ணாடியில் பொருத்திய சென்சார் அந்த அசைவைப் பிடித்தது. இது எனக்குத் தெரிவதற்குள் அம்மாவின் இரண்டு வளையல் போயிருந்தது.

சரி, கோபத்துக்கு வருகிறேன். அது முழுக்க ஒரே ஒரு புள்ளியின் மேல்.

கருவியோடு வந்த தமிழ் விசைப்பலகையில் 'க்' வேண்டுமென்றால் முதலில் க-வைப் பார்க்க வேண்டும், பிறகு புள்ளியைத் தனியாகப் பார்க்க வேண்டும். அந்தப் புள்ளியைக் கொண்டுபோய்த் திரையின் வலது கீழ் மூலையில் வைத்திருந்தார்கள். இந்தக் கருவிகள் திரையின் நடுவில் ஒழுங்காக இருக்கும், ஓரத்துக்குப் போகப் போகச் சொதப்பும். அப்பா மூலையைப் பார்ப்பார், கருவி பக்கத்து எழுத்தை எடுத்துக்கொள்ளும். அழித்துவிட்டுத் திரும்பப் பார்ப்பார், திரும்ப அதே கதை. நாலாவது நாள் புள்ளி வைப்பதையே விட்டுவிட்டார். 'தண்ணீர்' 'தணணீர' ஆனது. குரலுக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை, செய்தி வாசிக்கிற தோரணையில் அதை அப்படியே வாசித்தது. ஒரு நாள் நடுராத்திரி "கால வலி" என்றது. தூக்கக் கலக்கத்தில் அம்மா "காலமே சரியில்லேங்கறாரா?" என்று என்னைப் பார்த்தாள். கால் வலி. அவ்வளவுதான்.

ஓலைச்சுவடியில் புள்ளி வைக்க மாட்டார்கள், எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும். படிக்கிறவர்தான் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். நாங்களும் அப்பாவைச் சுவடி மாதிரிதான் படித்துக்கொண்டிருந்தோம்.

தெரிந்த பையன் ஒருவன் பாவப்பட்டு, 1999-ல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையைத் திரையில் போட்டுக்கொடுத்தான். அதில் ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதுக்குப் புள்ளி தானாக விழும். அ, ம, ம, ஆ என்று நான்கு பார்வையில் 'அம்மா' வந்துவிடும். ந-வுக்குப் பின் த, ண-வுக்குப் பின் ட வந்தாலும் அப்படியே. பாதித் தொல்லை தீர்ந்தது. ஆனால் சொல்லின் கடைசிப் புள்ளியை நாமேதான் வைக்க வேண்டும். தமிழில் எத்தனை சொற்கள் மெய்யில் முடிகின்றன என்று எண்ணிப் பாருங்கள். கால், கண், பால், ஃபேன், பாத்ரூம். ஒரு படுக்கை நோயாளியின் அகராதியே அதுதான்.

கருவி பழுதுக்குப் போன மூன்று வாரமும் பழைய அட்டைக்குத் திரும்பினோம். அட்டை என்றால் நம்பர் பிளேட் ஸ்டிக்கர் ஒட்டும் கடையில் செய்த கண்ணாடி போன்ற அக்ரிலிக் தகடு. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம். அதை எங்கள் இருவர் முகத்துக்கும் நடுவில் பிடிப்பேன். அவர் எழுத்தைப் பார்ப்பார். அவர் கண்ணும் என் கண்ணும் ஒரே எழுத்தின் வழியாகச் சந்திக்கிற வரை தகட்டை நகர்த்துவேன். என் பக்கம் எழுத்தெல்லாம் திரும்பித் தெரியும், ஒரு வாரத்தில் பழகிவிடும். கிதார் கலைஞர் ஜேசன் பெக்கருக்கு 1990-ல், இருபது வயதில், இந்த நோய் வந்தபோது அவருடைய அப்பாதான் கண்ணால் எழுத்துச் சொல்லும் முறை ஒன்றை உருவாக்கிக் கொடுத்தார். அங்கே அப்பா மகனுக்குச் செய்தார், இங்கே தலைகீழ்.

சரியா தப்பா என்று கேட்க அட்டைகூட வேண்டாம். பேச்சுப் பயிற்சியாளர் 'ஒரு சிமிட்டல் ஆமாம், இரண்டு சிமிட்டல் இல்லை' என்று சொல்லிக்கொடுத்தார். அப்பாவுக்கு அது ஏறவே இல்லை. முப்பது வருடம் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் ரைட், போகலாம். அவர் கண்ணும் அப்படித்தான் சிமிட்டியது. மாற்றிக்கொண்டது நாங்கள்தான்.

அட்டையில் புள்ளிப் பிரச்சினையே கிடையாது. த, ண வந்ததுமே நான் சொம்பை எடுத்துவிடுவேன். அதன் சிக்கலும் இதே இடத்தில்தான். ஒரு நாள் ம, ர வந்தது. "மருந்தாப்பா?" ஒரு சிமிட்டல். "மருமகளைக் கூப்பிடவா?" ஒரு சிமிட்டல். அவர் சொல்ல வந்தது 'மரத்துப்போச்சு'. ஒரே பக்கமாகப் படுத்திருந்ததில் தோள் மரத்திருந்தது. என் அவசரத்துக்கு அவர் பத்து நிமிடம் வலியோடு காத்திருந்தார். கருவி குறுக்கே பேசாது. இதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. கருவி திரும்பி வந்த மறுநாள் மதியம் நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே அந்தக் குரல் எதையோ வாசித்தது. அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. அவள் அப்படிச் சிரித்து நாளாகிறது. இறங்கி வந்து "என்னம்மா சொன்னாரு?" என்றேன். "உனக்கெதுக்குடா அது" என்று முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். திரையைப் பார்த்தேன், அழித்திருந்தார். "என்னப்பா?" என்று அவரைக் கேட்டேன். ஒரு சிமிட்டல்.

மூன்று வாரம் அவர் அம்மாவிடம் பேசியதெல்லாம் என் வாய் வழியாகத்தான். அம்மாவுக்குப் பார்வை மங்கல், அட்டை பிடிக்க வராது. இந்த ஒரு வாக்கியத்தை அவர் மூன்று வாரமாக வைத்திருந்தாரா என்று இப்போது யோசிக்கிறேன்.

ஆகவே நண்பரே, வாங்குங்கள். ஆனால் அதற்கு முன்னால் இந்த வாரமே அக்காவின் பேச்சைப் பதிவு செய்யுங்கள். குரல் தெளிவாக இருக்கும்போதே அவரவர் சொல்லும் பாணியில் பதிந்து வைத்தால், பின்னாளில் கருவி அதையே ஒலிக்கும். திட்டு, கொஞ்சல், "அடப் போடா" எல்லாமே வேண்டும். நாங்கள் விட்டுவிட்டோம். அப்பாவின் குரலில் எங்களிடம் மிஞ்சியிருப்பது ஒரு வாட்ஸப் செய்தி: "வரும்போது வாழக்கா ரெண்டு வாங்கிட்டு வா, முத்தலா வாங்காத." கருவியில் அதற்கும் ஒரு பொத்தான் வைத்திருக்கிறோம். வாரத்தில் இரண்டு முறையாவது அழுத்துகிறார்.

கட்டிலை ஜன்னலுக்கு எதிரே போடாதீர்கள், வெயில் பட்டால் கேமராவுக்குக் கண் தெரியாது. ஆளை அனுப்பி மாட்டித் தருகிறோம் என்பார்கள். வருகிறவரை விடாதீர்கள், புள்ளியைத் திரையின் நடுவுக்கு மாற்றிவிட்டுத்தான் போக வேண்டும். பில் போடும் முன்பே இதைப் பேசிவிடுங்கள்.