கிரில்லுக்கு கேஸ் லைன் இழுக்க யாரைக் கூப்பிடுவது: ஹேண்டிமேனா, பிளம்பரா, கடை அனுப்பும் ஆளா?

போன கோடையில் வீட்டுக்கு 12 பேர் சாப்பிட வந்த அன்று, கோழி பாதி வெந்த நேரம் பார்த்து புரொபேன் டேங்க் தீர்ந்துபோனது. ஊரில் ஸ்பேர் சிலிண்டர் இல்லாத வீட்டில் வளர்ந்தும் எனக்குப் புத்தி வரவில்லை. 20 பவுண்டு டேங்க் என்று பேர்தான், காலியைக் கொடுத்து மாற்றி வாங்குகிறோமே, அதில் பெரும்பாலும் 15 பவுண்டுதான் அடைத்திருப்பார்கள். அன்று ராத்திரியே, வீட்டுக்குக் குழாயில் வரும் கேஸையே டெக்குக்கு (வீட்டை ஒட்டிய திறந்த மேடை) இழுத்துவிடலாம் என்று முடிவு செய்தோம். கருவாடு வறுப்பதை நிரந்தரமாக வெளியே தள்ளிவிடலாம் என்பது மனைவியின் தனிக் கணக்கு.

நான் இருப்பது நியூ ஜெர்சியில், எடிசன் பக்கம். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மூன்று பேரிடம் விலை கேட்டேன். சில்லறை ரிப்பேர் வேலை செய்யும் ஹேண்டிமேன் 400 டாலர். லைசென்ஸ் உள்ள பிளம்பர் 1,150, பெர்மிட் ஃபீஸ் தனி. கிரில் கடை அனுப்பும் ஆள் 1,900. சொந்தமாகக் குடியிருக்கும் தனி வீடென்றால் பெர்மிட் எடுத்து நாமே செய்யவும் இங்கே வழி உண்டு, ஆனால் எனக்குக் குழாயில் மரை வெட்ட வராது, அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

ஹேண்டிமேன் நல்ல மனிதர், எங்கள் டெக்கைச் சரிசெய்து கொடுத்தவர். பேஸ்மென்ட்டில் ஒரு நிமிடம் அண்ணாந்து பார்த்துவிட்டு, டிரையருக்குப் போகும் அரை இஞ்ச் குழாயில் கிளை பிரிக்கும் ஒரு டீ இணைப்பு போட்டு, அடுப்புக்குப் பின்னால் மாட்டுவார்களே அந்த மஞ்சள் வளையும் குழாய், அதைச் சுவரில் துளைபோட்டு வெளியே விட்டுவிடலாம், அரை நாள் வேலை என்றார். அந்தக் குழாயைச் சுவருக்குள் விடவே கூடாது என்பது எனக்கு அப்போது தெரியாது. லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டதற்கு 13விஎச் என்று தொடங்கும் ஒரு நம்பரைக் காட்டினார். நானும் தலையாட்டிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அது வீட்டுப் பராமரிப்பு வேலை செய்பவர்கள் மாநிலத்தில் பதிந்துகொள்ளும் நம்பர், பெயின்ட் அடிப்பவரும் கூரை போடுபவரும்கூட வைத்திருப்பார்கள். மாஸ்டர் பிளம்பர் லைசென்ஸ் வேறு போர்டு கொடுப்பது. அந்த லைசென்ஸ் உள்ளவரிடம் அழுத்தும் சீல் ஒன்று இருக்கும், பெர்மிட் தாளில் அதன் அச்சு விரலால் தடவினால் தட்டுப்படும்.

என்னைப் பின்வாங்க வைத்தது அந்தக் குழாயைவிட பெர்மிட் பேச்சுதான். "வீட்டுக்காரர்ன்னு உங்க பேர்லயே எடுத்துடுங்க, வேலைய நான் பண்ணிடறேன்" என்றார். கேட்க வசதியாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தாளில் நாமே செய்கிறோம் என்று உறுதி சொல்லிக் கையெழுத்துப் போடுகிறோம், அதாவது பொய்க் கையெழுத்து, நாளைக்கு எங்காவது கசிந்தால் முழுக்க நம் தலையில்தான் விடியும். பெர்மிட்டே எடுக்காமல் விட்டாலோ, வீடு விற்கும்போது மாட்டுவோம். வாங்குபவரின் வக்கீல், அரசு ஆவணங்களைக் கேட்டு வாங்க வழி செய்யும் ஓப்ரா சட்டப்படி டவுன்ஷிப்புக்கு ஒரு மனு போட்டு நம் வீட்டுக் கோப்பைக் கேட்பது இங்கே சாதாரணம். டெக்கில் கேஸ் குழாய் நிற்கிறது, கோப்பில் அது இல்லை என்றால் கேள்வி வரும். நண்பர் ஒருவர் பேஸ்மென்ட்டில் பெர்மிட் இல்லாமல் பாத்ரூம் கட்டியிருந்தார், விற்கும் நேரத்தில் சுவரைப் பிரித்துக் காட்ட வேண்டியதாகி, குளோசிங், அதாவது வீட்டைக் கைமாற்றும் நாள், மூன்று வாரம் தள்ளிப்போனது. 750 டாலர் மிச்சம் பிடிக்க அந்த வம்பு எதற்கு?

பிளம்பர் வந்ததும் கிரில் எங்கே என்று கேட்கவில்லை, மீட்டர் எங்கே என்றார். டார்ச் அடித்து மீட்டரில் 250 என்று போட்டிருந்ததைக் காட்டினார், மணிக்கு 250 கன அடி. அப்புறம் ஒவ்வொரு சாதனத்தின் தகட்டையும் படித்து ஒரு அட்டைப்பெட்டி மூடியில் எழுதிக் கூட்டினார். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் மணிக்கு 80,000 பி.டி.யு. (வெப்ப அளவு), வாட்டர் ஹீட்டர் 40,000, அடுப்பு 55,000, டிரையர் 22,000, புதுக் கிரில் 48,000. மொத்தம் 2,45,000. ஒரு கன அடி கேஸ் சுமார் 1,000 பி.டி.யு. என்பதால் விளிம்பில் தப்பித்தோம். மீட்டரிலிருந்து டெக்குக்கு 60 அடி. அந்தத் தூரத்துக்கு அரை இஞ்ச் இரும்புக் குழாய் சுமார் 65 கன அடிதான் கொண்டுபோகும், டிரையரும் கிரில்லும் சேர்ந்தால் 70. ஹேண்டிமேன் சொன்னபடி செய்திருந்தால், துணி காயும்போதெல்லாம் கிரில்லில் தீ சோர்ந்திருக்கும். இவர் மீட்டர் பக்கத்திலிருந்தே முக்கால் இஞ்ச் தனிக் குழாய் இழுத்தார், அது 137 வரை தாங்கும்.

குழாய் போட்டு முடித்து கசிவு பார்க்க 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் காற்று ஏற்றி, அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் முள் 14-க்குக் கொஞ்சம் மேலே நின்றது. சோப்பு நுரை தடவிக்கொண்டே வந்தவர் ஒரு எல்போ வளைவில் நின்றார், கடுகளவு குமிழி ஒன்று மெதுவாகப் பெருத்து உடைந்தது. கழற்றி, திரும்ப முறுக்கி, திரும்ப ஏற்றினார். இன்ஸ்பெக்டர் வந்தபோது முள் அசையவில்லை. ஒரு கசிவைக் கண்ணால் பார்த்த பிறகு 1,150 எனக்கு அதிகமாகத் தெரியவில்லை. பெர்மிட் அலைச்சலில் மூன்று வாரம் போனது, அது எரிச்சல்தான்.

கடை அனுப்பும் ஆளை நான் வைத்துப் பார்த்ததில்லை, நண்பர் வீட்டில் அவர்கள் செய்த வேலை சுத்தமாகத்தான் இருந்தது. விசாரித்ததில், வருவது இதே மாதிரி ஒரு பிளம்பர்தான், நடுவில் கடையின் பங்கு ஏறுகிறது. கிரில்லும் அவர்களிடமே வாங்குகிறீர்கள் என்றால் யோசிக்கலாம். புரொபேன் கிரில்லை அப்படியே வீட்டு கேஸில் மாட்ட முடியாது, அழுத்தம் வேறு, ஜெட் துளை வேறு, மாற்றவே கூடாது என்று சொல்லும் கம்பெனிகளும் உண்டு. என் பழைய கிரில்லை 150 டாலருக்குத் தள்ளிவிட்டேன்.

என் குழாய் சுவரோரமாகவே போய்விட்டதால் மண் தோண்டவில்லை. தோண்டுவதானால் யார் செய்தாலும் முதலில், நிலத்தடி லைன்களைக் குறித்துத் தரும் 811-க்குப் போன் போடச் சொல்லுங்கள், இலவசம். ஆனால் மீட்டருக்கு இந்தப் பக்கம் நாம் புதைத்த லைன்களை அவர்கள் குறிக்க மாட்டார்கள்.

டவுன்ஹவுஸ்காரர்கள் எச்.ஓ.ஏ.வை (வீட்டு உரிமையாளர் சங்கம்) கேட்காமல் யாரிடமும் விலைகூடக் கேட்காதீர்கள். இரண்டு வருடத்தில் வீடு மாற்றுவதாக இருந்தால் இதெல்லாம் வேண்டாம், ஸ்பேர் டேங்க் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.