காது இழுக்குமா? டெரகோட்டா நகைகளுக்கு விவரம் எழுதிய அனுபவம்

என் அண்ணி டெரகோட்டா நகை, அதாவது சுட்ட களிமண் நகை, செய்கிறார். அவற்றை இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் பட்டியலிலும் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் விவரம் எழுதுவது சில ஆண்டுகளாக என் பொறுப்பு. இதற்கு நான் பயன்படுத்துபவை நான்கு: கையடக்க டிஜிட்டல் எடைக்கருவி, டிஜிட்டல் காலிப்பர் (தாடைகளுக்கு இடையே பொருளை வைத்து மில்லிமீட்டரில் அளக்கும் கருவி), கைப்பேசியில் குரல்வழித் தட்டச்சு, பிறகு வந்து சேர்ந்த செயற்கை நுண்ணறிவுச் செயலி. இந்த நான்கில் எனக்கு அதிகம் உழைத்தது எடைக்கருவிதான்.

எழுத்து வேலைக்கு எடைக்கருவி எதற்கு என்று தோன்றலாம். டெரகோட்டா ஜிமிக்கி வாங்க வரும் பெண்கள் முதலில் கேட்பது, "காது இழுக்குமா அக்கா?" என்றுதான். கடையில் என்றால் அவர்களே உள்ளங்கையில் ஏந்திப் பார்ப்பார்கள், திருப்பிப் பின்பக்கம் பார்ப்பார்கள், காதருகே வைத்துக் கண்ணாடியில் பார்ப்பார்கள். படத்தில் இவை எதுவும் முடியாது. நகை விவரம் என்பது அந்தக் கை செய்ய வேண்டிய வேலையைச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அழகைப் படம் சொல்லிவிடும். "எடை குறைவானது" என்று எழுதுவதில் பயனில்லை. எதைவிடக் குறைவு என்று வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? "ஒரு காதுக்கு 9 கிராம்" என்று எழுதினால், தன் வீட்டுத் தோட்டின் எடை தெரிந்தவர் உடனே முடிவெடுத்துவிடுவார். ஜோடியின் எடையைப் போடாமல் ஒரு காதின் எடையைப் போடத் தொடங்கிய பிறகு அந்தக் கேள்வி வெகுவாகக் குறைந்தது.

இப்போது நான் எழுதும் விவரம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"டெரகோட்டா குடை ஜிமிக்கி, ஒரு ஜோடி. தோட்டிலிருந்து அடிமுத்து வரை நீளம் 48 மி.மீ., குடையின் அகலம் 24 மி.மீ. ஒரு காதுக்கு 9 கிராம். நிறம் அரக்கு, விளிம்பில் மங்கிய பொன்வண்ணம். தண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், பின்னால் ரப்பர் அடைப்பான். தோட்டின் பின்பக்கம் வண்ணம் இல்லை, சுட்ட மண் தெரியும். கையால் செய்ததால் இரண்டு குடைக்கும் ஒரு மில்லிமீட்டர் வரை வேறுபாடு இருக்கலாம்."

பின்பக்கத்தைப் பற்றிய அந்த ஒரு வரியை நான் ஒருபோதும் விடுவதில்லை. காதுமடலில் படுவது அந்தப் பக்கம்தான்.

நகையைச் சூளையிலிருந்து எடுத்த பிறகுதான் அளவைக் குறிக்க வேண்டும். களிமண் காயும்போதும் சுடும்போதும் சுருங்குகிறது. எவ்வளவு சுருங்கும் என்பது மண்ணுக்கு மண் மாறும். ஒரே அச்சில் எடுத்த இரண்டு பதக்கங்கள்கூட ஒரே அளவில் வராது. அச்சின் அளவை விவரத்தில் எழுதுவது வாங்குபவரை ஏமாற்றுவதற்குச் சமம்.

வளையலுக்கு இன்னும் கவனம் தேவை. நம் ஊர் வளையல் அளவான 2.4, 2.6, 2.8 ஆகியவை தசம எண்கள் அல்ல. புள்ளிக்குப் பின்னால் இருப்பது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குகளின் எண்ணிக்கை. அதாவது 2.4 என்றால் உள்விட்டம் இரண்டே கால் அங்குலம், ஏறத்தாழ 57 மி.மீ.; 2.6 என்றால் 60 மி.மீ.; 2.8 என்றால் இரண்டரை அங்குலம், 63.5 மி.மீ. இதற்கு அடுத்த அளவு 2.10. வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் அதை 2.4-ஐவிடச் சிறியது என்று எடுத்துக்கொள்கிறார்கள். கணினி விரிதாளோ கடைசிப் பூஜ்யத்தை விழுங்கி 2.1 என்று காட்டும். அதனால் நான் 2-10 என்று கோடு போட்டு எழுதி, பக்கத்திலேயே மில்லிமீட்டரையும் தருகிறேன். காலிப்பரின் மேல்பக்கத்துச் சிறிய தாடைகள் உள்விட்டம் அளப்பதற்கென்றே அமைந்தவை. இந்த வேலைக்கு அதைவிட வசதியான கருவி கிடையாது.

நிறத்தை எழுதுவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. டெரகோட்டா நகையைப் பெரும்பாலும் புடவைக்குப் பொருத்தமாகத்தான் வாங்குகிறார்கள். படத்தின் நிறம் ஒவ்வொரு கைப்பேசித் திரையிலும் ஒவ்வொரு மாதிரி தெரியும். ஆனால் புடவைக்கடைகள் நமக்கு ஒரு பெரிய நிறப் பட்டியலையே பழக்கிவைத்திருக்கின்றன: அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, மயில் கழுத்து, கத்தரிப்பூ, வெங்காயத்தோல். எம்.எஸ். சுப்புலட்சுமி உடுத்திய பட்டால் பெயர்பெற்ற எம்.எஸ். புளூவும் அதில் உண்டு. "நீலம்" என்று எழுதினால் எந்த நீலம் என்று பத்துப் பேர் கேட்பார்கள், "எம்.எஸ். புளூ" என்றால் பட்டுக் கட்டும் எந்தப் பெண்ணும் மறுகேள்வி கேட்பதில்லை. இந்தச் சொற்களை விட்டுவிட்டு ராயல், பேஸ்டல் என்று எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

குரல்வழித் தட்டச்சு பரவாயில்லை. கையில் களிமண் இருக்கும்போதே அண்ணி அளவுகளைச் சொல்ல, கைப்பேசி எழுதிக்கொள்ளும். மாட்டல், திருகாணி போன்ற தொழில் சொற்களில் மட்டும் தடுமாறும். அவற்றைக் கையால் திருத்த வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியைப் பற்றி எனக்கு இரண்டு கருத்துகள் உண்டு. நான் எழுதிய தமிழ் விவரத்தை ஆங்கிலத்தில் மாற்றித் தருவதற்கு அது நன்றாகப் பயன்படுகிறது. படத்தை மட்டும் கொடுத்து விவரம் எழுதச் சொன்னால் நம்ப முடியாது. "பாரம்பரியமும் நவீனமும் கைகோக்கும் கலைப்படைப்பு" என்று தொடங்கி, நாங்கள் சொல்லாததையெல்லாம் சேர்த்துவிடும். அக்ரிலிக் வண்ணம் தீட்டிய கழுத்தணியைத் தண்ணீர் புகாதது என்று எழுதியது. புகையில் சுட்ட கறுப்புத் தோட்டை "கறுப்பு வண்ணம் பூசப்பட்டது" என்றது. சுடும்போது காற்றை அடைத்து, புகையை உள்ளேயே நிறுத்தினால் மண் கறுப்பாகிறது. கரி மண்ணுக்குள் ஏறிவிடுவதால் அது பூச்சைப் போல உரிந்து வராது. அந்த நகையின் சிறப்பே அதுதான். அதை அறிந்தவர் எழுதாவிட்டால் வாங்குபவருக்குத் தெரிய வழியே இல்லை. இப்போது அளவு, எடை, பொருள் ஆகியவற்றை நான் முதலில் எழுதிக் கொடுத்து, "இதில் இல்லாத எதையும் சேர்க்காதே" என்று சொல்கிறேன். அப்போதும் ஒவ்வொரு வரியையும் நகையைக் கையில் வைத்துக்கொண்டே படிக்கிறேன். விளம்பரம் பொருளின் உண்மைத் தன்மைக்கு ஒத்திருக்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகள் விற்பவரிடம்தான் கேட்கின்றன.

உலோகத்தின் பெயரில் எந்தச் சலுகையும் கூடாது. கொக்கிக்கும் இடைமணிக்கும் பலர் ஜெர்மன் சில்வர் பயன்படுத்துகிறார்கள். பெயரில் சில்வர் இருந்தாலும் அதில் வெள்ளி கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை அது. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் காது அரித்துப் புண்ணாகும். அதனால் "ஜெர்மன் சில்வர்" என்று எழுதும் இடத்தில் "நிக்கல் கலந்தது" என்றும் எழுதுகிறேன். 925 என்ற எண்ணை, ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி உள்ள கொக்கிக்கு மட்டுமே போடுகிறேன். நிக்கல் என்ற சொல்லைப் பார்த்ததும் சிலர் வாங்காமல் போய்விடுகிறார்கள். போகட்டும்.

கருவி வாங்க நினைப்பவர்களுக்கு: எடைக்கருவி 0.1 கிராம் வரை காட்டினால் போதும். காலிப்பரில் எஃகைவிடப் பிளாஸ்டிக் தாடை உள்ளதே நல்லது. வண்ணத்தில் கீறல் விழாது. மலிவான காலிப்பர்கள் அணைத்துவைத்தாலும் பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கும். வேலை முடிந்ததும் பொத்தான் பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுங்கள்.