புறக்கோட்டை மினி யூபிஎஸ்: பெட்டியில் உள்ள 8800 என்ன கணக்கு?

கரண்ட் போனாலும் ரவுட்டரை ஓடவைக்கும் பற்றரிப் பெட்டியான மினி யூபிஎஸ், கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் விற்கும் அவசியமான சாமான்தான். 2025 பெப்ரவரி 9இல் முழு நாடும் இருண்டபோது, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததுதான் காரணம் என்றார் மின்சக்தி அமைச்சர். ஒரு குரங்கைத் தாங்காத மின்கட்டமைப்புக்கு வீட்டுக்காரர் தன் காசில் பற்றரி வாங்க வேண்டியிருப்பது அநியாயம்.

ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் 8800 எம்ஏஎச் (மில்லி அம்பியர்-மணி) என்ற எண்ணில் மயங்க வேண்டாம். அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. 8800 என்பது 8.8 அம்பியர்-மணி; அதை 3.7ஆல் பெருக்கினால் சுமார் 32 வாட்-மணிதான். 12 வோல்ட்டுக்கு உயர்த்துவதில் கொஞ்சம் வெப்பமாகப் போகும். 8 வாட் இழுக்கும் ஃபைபர் ரவுட்டர் மூன்று, மூன்றரை மணித்தியாலம் ஓடும். எட்டு மணித்தியாலம் என்று சொல்லும் கடைக்காரரிடம் இந்தக் கணக்கைக் கேளுங்கள்.

ரவுட்டரின் அடப்டரைக் கையோடு கொண்டுபோங்கள். அதில் 1.5 அம்பியர் என்றிருந்தால் 1 அம்பியர் பெட்டி போதாமல் போகலாம். பாரம் கூடும்போது ரவுட்டர் அணைந்து அணைந்து எரியும். பிளக்கையும் செருகிப் பாருங்கள்: பிளக்கின் 2.5 மி.மீ. துளை ரவுட்டரின் 2.1 மி.மீ. ஊசியில் ஆடும். பெட்டியைத் துணியால் மூட வேண்டாம். செல் உப்பினால் உடனே கழற்றிவிடுங்கள்.