மறைந்திருக்கும் உணவு ஒத்துக்கொள்ளாமை: கண்டறியும் வழிகளில் எதை நம்பலாம், எதை முதலில் செய்யலாம்?

பல மாதங்களாக வயிறு உப்பிக்கொண்டே இருக்கிறது; மதியத்துக்குப் பின் காரணம் தெரியாத அசதி; வாரத்துக்கு இருமுறையாவது தலைவலி. ரத்த எண்ணிக்கை, தைராய்டு, ஸ்கேன் எல்லாம் சரியாகவே இருக்கின்றன என்று மருத்துவர் சொல்லிவிட்ட பிறகு, சந்தேகம் இயல்பாகவே சாப்பாட்டுத் தட்டின் பக்கம் திரும்புகிறது. அந்த நிலையில் இருப்பவருக்கு இன்று ஐந்து வழிகள் காட்டப்படுகின்றன: உணவுக் குறிப்பேடு, ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளை அளக்கும் ரத்தப் பரிசோதனை, மூச்சுப் பரிசோதனை, கோதுமை போன்றவை தூண்டும் குடல் நோயான சீலியாக்குக்கான பரிசோதனை, சில உணவுகளை விலக்கிப் பின் மீண்டும் சேர்த்துப் பார்க்கும் முறை. இவை ஒன்றுக்கொன்று மாற்று என்பதுபோலவே பெரும்பாலும் பேசப்படுகின்றன. உண்மையில் இவற்றில் நான்கு வழிகள் நான்கு வெவ்வேறு கேள்விகளுக்கு விடை தருகின்றன. மீதமுள்ள ஒன்று, என் கணிப்பில், நோயாளி கேட்காத ஒரு கேள்விக்கு விடை தருகிறது.

ஒப்பிடத் தொடங்கும் முன் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வாமை என்பது நோய் எதிர்ப்பு மண்டலத்தின் வேலை. ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் தூண்டப்பட்டு, பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு, வாந்தி போன்றவை தோன்றும், துளியளவு உணவே போதும், உயிருக்கும் ஆபத்தாகலாம். ஒத்துக்கொள்ளாமை அப்படிப்பட்டதன்று. நொதிக் குறைபாட்டாலோ, குடலில் உறிஞ்சப்படாத சர்க்கரை நொதிப்பதாலோ ஏற்படும் இது அளவைப் பொறுத்தது, தாமதமாக வருவது, தொல்லை தருவது, ஆனால் உயிரைப் பறிக்காதது. தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனையும் ஐஜிஇ ரத்தப் பரிசோதனையும் முதல் வகைக்கு மட்டுமே உரியவை. ஆகவே அவற்றில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் உணவுக்கும் தொல்லைக்கும் தொடர்பே இல்லை என்று முடிவு கட்ட முடியாது. ஒவ்வாமை இரண்டு மணி நேரத்துக்குள் தோன்றும் என்ற கணக்குக்கும் ஒரு விதிவிலக்கு உண்டு: உண்ணி கடித்ததன் விளைவாகச் சிலருக்கு உண்டாகும் ஆல்ஃபா-கேல் ஒவ்வாமையில், மாட்டிறைச்சியோ ஆட்டிறைச்சியோ சாப்பிட்டு மூன்று முதல் ஆறு மணி நேரம் கழித்து, சில வேளை நள்ளிரவில், எதிர்விளைவு வரும். தடிப்போ மூச்சுத் திணறலோ ஒருமுறை வந்திருந்தாலும், கீழே வரும் எதையும் வீட்டில் முயன்று பார்க்காமல் ஒவ்வாமை மருத்துவரிடம் போக வேண்டும்.

குறிப்பேடு: சந்தேகப் பட்டியல் தரும், தீர்ப்புத் தராது

இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு உண்டது, அளவு, நேரம், அறிகுறி, தூக்கம், மன அழுத்தம், மாதவிடாய் நாட்கள் ஆகியவற்றை எழுதி வைப்பதற்குச் செலவில்லை, ஆபத்தும் இல்லை. நினைவு நம்மை ஏமாற்றும் அளவுக்குத் தாள் ஏமாற்றுவதில்லை. ஆனாலும் இதன் பலவீனம் ஆழமானது. அறிகுறி சில மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்து வரக்கூடும் என்பதால், இன்றைய உப்புசத்துக்குக் காரணம் இன்றைய உணவா நேற்றைய உணவா என்று பிரித்தறிவது கடினம். தினமும் உண்ணும் பொருளோ, ஒப்பிட்டுப் பார்க்க அது இல்லாத நாளே இல்லாததால், குறிப்பேட்டில் கண்ணுக்குப் படாமலேயே போய்விடுகிறது.

அதைவிடப் பெரிய தடை, நமக்கு முன்பே இருக்கும் நம்பிக்கை. 1995-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வில், பால் தமக்குக் கடுமையாக ஒத்துக்கொள்ளாது என்று சொன்ன 30 பேருக்கு நாளொன்றுக்கு 240 மில்லிலிட்டர் பால் கொடுக்கப்பட்டது. ஒரு வாரம் சாதாரணப் பால், ஒரு வாரம் பாலின் சர்க்கரையான லாக்டோஸ் சிதைக்கப்பட்ட பால், எது எதுவென்று தெரியாதபடி. இரண்டு வாரங்களிலும் அறிகுறிகள் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. அந்த 30 பேரில் 9 பேர் லாக்டோஸை இயல்பாகச் செரிப்பவர்கள் என்பதும் பரிசோதனையில் தெரிந்தது. அவர்கள் பொய் சொன்னார்கள் என்பது இதன் பொருளன்று. வலி உண்மை, அதற்குச் சொன்ன காரணம்தான் தவறு. ஆகவே குறிப்பேட்டை விசாரணையின் தொடக்கமாகக் கொள்ளலாம், முடிவாகக் கொள்ளலாகாது.

ஐஜிஜி ரத்தப் பரிசோதனையும் மூச்சுப் பரிசோதனையும்

இரண்டுமே ஒரே நாளில் மாதிரி கொடுத்துவிட்டு, எண்களோடு அறிக்கை பெறும் வழிகள். ஆனால் ஒன்றின் எண்ணுக்குப் பொருள் உண்டு. மற்றதன் எண்ணை நோயறிதலாகக் கொள்ள முடியாது.

ஐஜிஜி பரிசோதனையில் விரல் நுனி ரத்தத்தை எடுத்து, நூற்றுக்கும் மேற்பட்ட உணவுகளுக்கு எதிரான ஐஜிஜி எதிர்ப்பொருள்களை அளந்து, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வண்ணம் பூசித் தருகிறார்கள். பார்ப்பதற்கு இதைவிட நம்பகமான தாள் கிடையாது! ஆனால் ஒருவர் ஓர் உணவை வழக்கமாக உண்கிறார், அவருடைய உடல் அதை அறிந்திருக்கிறது என்பதையே உணவுக்கு எதிரான ஐஜிஜி பெரும்பாலும் காட்டுகிறது. ஒவ்வாமைக்கு அந்த உணவையே சிறிது சிறிதாகக் கொடுத்துப் பழக்கும் சிகிச்சையில், உடல் அதைத் தாங்கத் தொடங்கும்போது ஐஜிஜி4 அளவு உயர்வதே இதற்குச் சான்று. ஐரோப்பிய ஒவ்வாமை, மருத்துவ நோயெதிர்ப்பியல் அமைப்பு 2008-இலும், கனடிய ஒவ்வாமை, மருத்துவ நோயெதிர்ப்பியல் சங்கம் 2012-இலும் உணவுச் சிக்கல்களைக் கண்டறிய இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று வெளிப்படையாக அறிவித்தன. அடிக்கடி உண்ணும் கோதுமை, பால், முட்டை ஆகியவை அறிக்கையில் சிவப்பாக வருவதில் வியப்பில்லை.

எதிர்வாதத்தையும் சொல்ல வேண்டும். 2004-இல் ‘கட்’ இதழில் வெளியான ஆய்வில், எரிச்சல் குடல் நோய்க்குறி எனப்படும் ஐபிஎஸ் உள்ள 150 பேரில், ஐஜிஜி முடிவின்படி உணவை விலக்கியவர்களுக்குப் போலிப் பட்டியலைப் பின்பற்றியவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகக் குணம் தெரிந்தது. ஆனால் உண்மைப் பட்டியலில் பாலும் கோதுமையும் மிக அதிகமாக இடம்பெற்றிருந்தன. ஐபிஎஸ் உள்ள பலருக்கு, எந்தப் பரிசோதனையும் செய்யாமல் அவற்றைக் குறைத்தாலே நிம்மதி கிடைக்கும். ஐபிஎஸ் தொடர்பான ஆராய்ச்சி நடந்துகொண்டுதான் இருக்கிறது. அது எப்படி முடிந்தாலும், இன்று கையில் தரப்படும் அறிக்கையை நம்பி முப்பது உணவுகளைக் கைவிடுவதற்கு அது நியாயமாகாது.

மூச்சுப் பரிசோதனையின் அடிப்படை எளிமையானது, அழகானது. நம் உடலின் செல்கள் ஹைட்ரஜனை உண்டாக்குவதில்லை. சிறுகுடலில் செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலை அடையும்போது அங்குள்ள நுண்ணுயிரிகள் அதை நொதிக்கவைத்து ஹைட்ரஜனை வெளியிடுகின்றன. அது ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக மூச்சில் வருகிறது. இரவு முழுவதும் உண்ணாமல் இருந்து, வழக்கமாக 25 கிராம் லாக்டோஸைக் கரைத்துக் குடித்து, ஏறத்தாழ மூன்று மணி நேரத்துக்கு, விட்டு விட்டு ஊதிக்கொண்டிருக்க வேண்டும். தொடக்க அளவைவிடப் பத்து லட்சத்தில் 20 பங்கு உயர்ந்தால் லாக்டோஸ் சரியாக உறிஞ்சப்படவில்லை என்று கொள்கிறார்கள். சிலருடைய குடலில் ஹைட்ரஜனுக்குப் பதிலாக மீத்தேன் உண்டாவதால் அதையும் சேர்த்து அளக்கும் கருவியே நல்லது. அண்மையில் ஆன்டிபயாட்டிக் எடுத்திருந்தால் நான்கு வாரமாவது பொறுத்திருப்பது நல்லது.

இதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். உலகின் வயது வந்தோரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு, லாக்டோஸைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி குழந்தைப் பருவத்துக்குப் பின் குறைந்துவிடுகிறது. அவர்களில் பலருக்கு எந்தத் தொல்லையும் இல்லை. சரியாக உறிஞ்சாதவர்களிலும் பெரும்பாலானோர் ஒரே வேளையில் 12 கிராம் லாக்டோஸை, அதாவது ஒரு கோப்பைப் பாலை, பெரிய சிரமமின்றித் தாங்குகிறார்கள். ஆகவே மூச்சில் உயர்வு மட்டும் போதாது. அந்த மூன்று மணி நேரத்தில் வழக்கமான உப்புசமும் வலியும் கூடவே வந்தனவா என்பதும் பதிவாக வேண்டும். லாக்டோஸுக்கு இந்தப் பரிசோதனை நன்று. பழச் சர்க்கரையான ஃப்ரக்டோஸுக்கு அவ்வளவு நம்பகமன்று. பெரிய அளவில் கொடுத்தால் நலமாக இருப்பவர்களிலும் பலர் அதை முழுதாக உறிஞ்சுவதில்லை.

சீலியாக் பரிசோதனை: பரிசோதனைகளில் முதலிடம்

இந்த ஒப்பீட்டில் நான் மிகவும் வற்புறுத்தும் இடம் இது. சீலியாக் நோய் ஒத்துக்கொள்ளாமையும் அன்று, ஒவ்வாமையும் அன்று. கோதுமை, பார்லி, ரை என்னும் தானியம் ஆகியவற்றிலுள்ள குளூட்டன் என்ற புரதம் தூண்ட, உடல் தன் சிறுகுடல் உட்சுவரையே தாக்கும் தன்தாக்கு நோய். மக்கள்தொகையில் ஏறத்தாழ 1 சதவீதத்தினருக்கு இது இருக்கிறது. பலருக்குக் கண்டறியப்படுவதே இல்லை. வயிற்றுப்போக்கு இல்லாமலேயே, மாத்திரைக்கும் மசியாத இரும்புச்சத்துக் குறைவு, எலும்புத் தேய்வு, கருத்தரிப்பில் தடை, அரிக்கும் தோல் கொப்புளம் என வேடம் மாற்றி வரும். இரண்டாம் உலகப் போரின் இறுதிக் குளிர்காலத்தில், 1944-45-இல், நெதர்லாந்தில் ரொட்டிக்குப் பஞ்சம் வந்தபோது இந்நோய் இருந்த குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பியதும் மீண்டும் நலிந்தார்கள். கோதுமையின் மீது முன்பிருந்தே சந்தேகம் கொண்டிருந்த குழந்தை மருத்துவர் வில்லம் கரேல் டிக்கேக்கு அது உறுதியான தடயமாயிற்று. விலக்கிப் பின் மீண்டும் சேர்த்துப் பார்க்கும் சோதனையை வரலாறே நடத்திக் காட்டியது எனலாம்.

டிடிஜி-ஐஜிஏ எதிர்ப்பொருளை ரத்தத்தில் பார்க்க வேண்டும். அத்துடன் மொத்த ஐஜிஏ அளவையும் பார்க்க வேண்டும், ஏனெனில் ஐஜிஏ இயல்பிலேயே குறைந்தவர்களுக்கு முதல் பரிசோதனை பொய்யாக ‘இல்லை’ என்று சொல்லிவிடும். எதிர்ப்பொருள் உயர்ந்திருந்தால், வயது வந்தவர்களுக்குப் பொதுவாக எண்டோஸ்கோப்பி வழியே சிறுகுடல் திசு எடுத்து உறுதிசெய்வார்கள். இவையெல்லாம் குளூட்டன் உண்டுகொண்டிருக்கும்போது செய்தால்தான் பலிக்கும். தானாகவே கோதுமையை நிறுத்திச் சில மாதங்கள் ஆனவருக்கு எதிர்ப்பொருள் குறைந்துவிடும், குடலும் ஆறிவிடும். பிறகு நோய் உண்டா இல்லையா என்று அறிய, தொல்லை தரும் அதே உணவைப் பல வாரங்கள் மீண்டும் உண்ண வேண்டிவரும். ‘முதலில் கோதுமையை நிறுத்திப் பார்’ என்று நண்பர்கள் தரும் அறிவுரை நல்லெண்ணத்தில் சொல்லப்படுவதுதான். ஆனால் வரிசை தவறிய அறிவுரை. சீலியாக்கால் குடல் சுவர் சேதமடைந்தவருக்கு லாக்டேஸ் நொதியும் குறைந்துபோவதால், பால்தான் காரணம் என்று முடிவெடுத்து அசல் நோயைத் தவறவிடவும் கூடும்.

விலக்கிப் பார்த்தலும் மீண்டும் சேர்த்தலும்

லாக்டோஸையும் சீலியாக்கையும் தவிர்த்த பிறகு எஞ்சும் பெரும் பரப்புக்கு நம்பகமான ஆய்வகப் பரிசோதனை இல்லை. அங்கே உடலையே ஆய்வகமாக்க வேண்டியிருக்கிறது. இதிலும் மூன்று போட்டி முறைகள் உள்ளன. சந்தேகம் ஒன்றிரண்டு பொருள்களின் மீதே இருந்தால் அவற்றை மட்டும் இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்துவது போதும். பெரும்பாலானோர் இதிலிருந்து தொடங்குவதே சரி. மிகச் சில உணவுகளை மட்டும் உண்டு மற்ற அனைத்தையும் விலக்கும் கடும் முறை, கண்காணிப்பின்றிச் செய்யத் தகாதது. மூன்றாவது, மெல்பர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான குறை-ஃபாட்மேப் முறை. குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் நீரை இழுத்து, நொதித்து, வாயுவை உண்டாக்கும் குறுஞ்சங்கிலிச் சர்க்கரைகளை இது ஒரு தொகுதியாகக் குறைக்கிறது: வெங்காயம், பூண்டு, கோதுமை ஆகியவற்றிலுள்ள ஃப்ரக்டான், பருப்பு வகைகளிலுள்ள காலக்டான், பாலின் லாக்டோஸ், தேனிலும் ஆப்பிளிலும் மிகுந்த ஃப்ரக்டோஸ், சர்க்கரையில்லா மிட்டாய்களின் சார்பிட்டால். ஐபிஎஸ் உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இது குணம் தருகிறது. தலைவலிக்கும் தோல் அரிப்புக்கும் இதை நாடுவது பொருந்தாது.

எந்த முறையானாலும், பலர் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள். விலக்கியதும் குணம் தெரிகிறது. பயத்தில் அப்படியே வாழத் தொடங்கிவிடுகிறார்கள். குணம் வந்தது அந்த உணவு போனதாலா, வெளிச் சாப்பாடு குறைந்ததாலா, அல்லது நோய் தானாகத் தணியும் காலமாக அது இருந்ததாலா என்பது மீண்டும் சேர்க்கும்போதுதான் தெரியும். ஒரு நேரத்தில் ஒரே பொருள், முதல் நாள் சிறிதளவு, மறுநாள் அதைவிடக் கூடுதல், மூன்றாம் நாள் முழு அளவு, பின் ஓரிரு நாள் இடைவெளி. அறிகுறி வந்தால் தணிந்த பிறகே அடுத்த பொருள். ஃபாட்மேப்பின் கட்டுப்பாட்டுக் கட்டம் ஆறு வாரத்தைத் தாண்டக் கூடாது, ஏனெனில் அதே சர்க்கரைகள்தான் குடலின் நல்ல நுண்ணுயிரிகளுக்கு உணவு.

மீண்டும் சேர்ப்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு கோதுமையே எடுத்துக்காட்டு. குளூட்டன் தமக்கு ஆகாது என்று நம்பித் தாமாகவே விலக்கியிருந்த, ஆனால் சீலியாக் இல்லாத 59 பேருக்கு, நார்வேயில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், குளூட்டன், ஃப்ரக்டான், இரண்டும் இல்லாதது என மூவகைத் தின்பண்டம், எதுவென்று சொல்லாமல், தனித்தனி வாரங்களில் தரப்பட்டது. மிகுதியான தொல்லை தந்தது ஃப்ரக்டான். குளூட்டன் வெறும் போலியைவிட வேறுபடவில்லை. அவர்கள் கோதுமையைக் குறைத்தது சரி, பழி போட்ட இடம்தான் தவறு. இப்படிக் கண்ணைக் கட்டிச் செய்வதே எல்லா முறைகளிலும் உயர்ந்தது. வீட்டிலும், வேறொருவர் லாக்டோஸ் உள்ள பாலையும் இல்லாத பாலையும் குறியிட்டுக் கொடுத்தால் ஓரளவு செய்துவிடலாம்.

ஆகவே என் தேர்வு இந்த வரிசையில் அமையும்: குறிப்பேடு, உணவை மாற்றாமலேயே சீலியாக் ரத்தப் பரிசோதனை, பால் மீது சந்தேகமிருந்தால் மூச்சுப் பரிசோதனை அல்லது இரண்டு வாரம் லாக்டோஸ் நிறுத்தம், அதன்பின் உணவியல் நிபுணரின் துணையோடு விலக்கலும் சேர்த்தலும். ஐஜிஜி-க்கு இதில் இடமில்லை. குழந்தைகள், கர்ப்பிணிகள், எடை குறைந்தவர்கள், உணவைக் கண்டு அஞ்சும் மனநோய் முன்பு இருந்தவர்கள் ஆகியோர் விலக்கல் முறையைத் தாமாகத் தொடங்கக் கூடாது. காரணமின்றி எடை குறைதல், மலத்தில் ரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, ஐம்பது வயதுக்குமேல் புதிதாகத் தோன்றிய மாற்றம் ஆகியவை இருந்தால், உணவைச் சந்தேகிப்பதற்கு முன் மருத்துவரையே பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தும் ஆறு வாரத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லையென்றால், விலக்கிய எல்லா உணவையும் தட்டுக்குத் திருப்பிவிட்டு, அதே குறிப்பேட்டோடு மருத்துவரிடம் திரும்பிப் போவதே சரி.