தோட்ட விளக்கு ஒயரிங்: வரிசையாக இழுப்பதா, மையத்திலிருந்து பிரிப்பதா?

ஒயர் நீள நீள வோல்டேஜ் குறையும். 230 வோல்ட் லைனில் 2 வோல்ட் குறைந்தால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட் தோட்ட விளக்கில் அதே 2 வோல்ட் என்பது ஆறில் ஒரு பங்கு. அதனால் ஒயரை எந்த முறையில் இழுக்கிறோம் என்பதை லைட் வாங்கும் முன்பே முடிவு செய்வது நல்லது.

முதலாவது வரிசை முறை. 230 வோல்ட்டை 12 வோல்ட்டாகக் குறைக்கும் டிரான்ஸ்பார்மரில் கிளம்பும் ஒரே கேபிள் ஒவ்வொரு லைட்டையும் தொட்டுக்கொண்டு போகும். வேலை சுலபம், கேபிளும் மிச்சம். ஆனால் ஒரு கணக்குப் போடுங்கள். 10 வாட் ஹாலஜன் லைட் பத்து. முதலாவது 10 மீட்டரில், அப்புறம் 4 மீட்டருக்கு ஒன்று. 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயரில் முதல் லைட்டுக்குச் சுமார் 10.8 வோல்ட் கிடைக்கும், கடைசி லைட்டுக்கு 8.5 தான். முதல் லைட்டின் வெளிச்சத்தில் பாதிகூடக் கடைசியில் இருக்காது, மஞ்சளாக மங்கும். சரி, டிரான்ஸ்பார்மரை 15 வோல்ட் டேப்புக்கு (அந்த வோல்டேஜ் தரும் முனைக்கு) மாற்றலாமே என்றால், கடைசி லைட் தேறும், முதல் லைட்டில் கிட்டத்தட்ட 14 வோல்ட் ஏறி பல்பு சீக்கிரம் போய்விடும்.

மைய முறையில் ஒரு தடித்த மெயின் கேபிள் நடுவில் உள்ள பெட்டிவரை போகும். அங்கிருந்து ஒவ்வொரு லைட்டுக்கும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் தனி ஒயர். இதிலும் வோல்டேஜ் குறையத்தான் செய்யும். அதே தோட்டத்தில் 28 மீட்டருக்கு 4 ஸ்கொயர் எம்எம் மெயின், லைட்டுகளுக்கு 18 மீட்டர் 1.5 ஸ்கொயர் எம்எம் என்றால் இழப்பு சுமார் 2.5 வோல்ட். ஆனால் பத்து லைட்டுக்கும் அதே இழப்பு. 14 வோல்ட் டேப்பில் வைத்தால் எல்லாமே 11.5 வோல்ட்டில் ஒன்றுபோல எரியும். செலவு கேபிளில்தான்: அங்கே 46 மீட்டர், இங்கே மெயின் போக 180 மீட்டர்.

எல்இடி என்றால் கதை மாறும். 9 முதல் 15 வோல்ட் வரை ஏற்கும் டிரைவர் (எல்இடிக்குச் சீரான கரண்ட் தரும் சர்க்யூட்) உள்ள லைட்டுகளில் வெளிச்சம் மங்குவது கண்ணுக்குத் தெரியாது, வாட்டும் குறைவு. ஐந்தாறு எல்இடிக்கு வரிசை முறையே போதும். 24 வோல்ட் லைட்டுகள் கிடைத்தால் இன்னும் நல்லது, அதே வாட்டுக்கு இழப்புச் சதவீதம் நான்கில் ஒன்றாகிவிடும்.

ஆனாலும் பெரிய தோட்டத்துக்கு நான் மைய முறையைத்தான் சொல்வேன், அதற்குக் காரணம் ஜாயின்ட். வரிசை முறையில் லைட்டுக்கு ஒரு ஜாயின்ட் மண்ணுக்குள் போகிறது. கடைசி மூன்று லைட் எரியாத ஒரு தோட்டத்தில் நான் தோண்டிப் பார்த்தபோது, இன்சுலேஷன் டேப்பைப் பிரித்ததும் செம்பு பச்சைப் பொடியாக உதிர்ந்தது. மண்ணுக்குள் இன்சுலேஷன் டேப் ஈரத்தைத் தடுக்காது. ஜெல் நிரப்பிய வாட்டர்புரூப் கனெக்டர்தான் வேண்டும். மைய முறையில் இணைப்புகள் எல்லாம் தரைக்கு மேல் ஒரே பெட்டியில். ஒரு லைட் அணைந்தால் மூடியைத் திறந்து, அந்த ஒயரில் மட்டும் மல்டிமீட்டர் வைத்தால் போதும்.

எந்த முறையானாலும் டிரான்ஸ்பார்மரில் அதன் வாட் திறனில் 80 சதவீதத்துக்கு மேல் லோடு ஏற்றாதீர்கள்.