காட்பாடியிலிருந்து கோட்டை வரை: டவுன் பஸ்ஸும் நடையும்

வேலூர் டவுனைப் பார்க்க ஆட்டோ தேவையே இல்லை. காட்பாடி ஜங்ஷன் அருகே 1 அல்லது 2 நம்பர் டவுன் பஸ் ஏறினால், பாலாற்றுப் பாலம் தாண்டி, சி.எம்.சி. ஆஸ்பத்திரி வழியாகப் பாகாயம் வரை போகும். சாதாரணக் கட்டண அரசு பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் காசு இல்லை. என் மாமியார் இப்போது யாரையும் எதிர்பார்க்காமல் தானே கிளம்பிவிடுகிறார். இதற்கே முழு மார்க் கொடுப்பேன். காலையில் மட்டும் ஆஸ்பத்திரிக் கூட்டம் நெரிக்கும். வங்காளத்திலிருந்து வந்த நோயாளிகளுக்கு எழுந்து இடம் கொடுங்கள்.

கோட்டைக்குள் நடைதான் சரி. அகழியை ஒட்டி மெதுவாகப் போய் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் நுழையுங்கள். நூற்றாண்டுகளாக மூலவர் இல்லாமல் கிடந்த கோயில். 1981இல்தான் லிங்கம் திரும்பி வந்தது. கல்யாண மண்டபத்துத் தூண்களை அவசரமாகப் பார்க்காதீர்கள், குதிரை வீரர்களின் இடுப்புக் கச்சை வரை செதுக்கியிருக்கிறார்கள்! வெளியே மக்கான் சந்திப்பில் 1806 சிப்பாய்ப் புரட்சியின் நினைவுத் தூண் இருக்கிறது.

லாங்கு பஜார் பக்கம் நடைபாதை முழுக்கக் கடைச் சாமான். குழந்தையோடு ரோட்டில் இறங்கித்தான் நடக்க வேண்டும். இது மாறியே ஆகணும். மே மாதமென்றால் காலை ஒன்பதுக்குள் கோட்டையை முடித்துவிடுங்கள்.