ஆரம்ப சுகாதார நிலையமா, மாவட்டத் தலைமை மருத்துவமனையா?

பணியிடக் கலந்தாய்வு நெருங்கும்போது கடலூர்ச் செவிலியர்கள் பலரைக் குழப்பும் கேள்வி இது.

சம்பளம்: ஒரே பணிநிலை என்றால் ஒன்றேதான். இதை விட்டுவிடலாம்.

கற்றல்: தலைமை மருத்துவமனையில் தீவிர சிகிச்சை, அறுவை அரங்கு, விபத்துப் பிரிவு என எல்லாம் கைவரும். சுகாதார நிலையத்தில் பெரும்பாலும் பிரசவம், தடுப்பூசி, சர்க்கரை, ரத்த அழுத்தம்.

சுமை: தலைமை மருத்துவமனையில் நோயாளிகள் அதிகம், ஆனால் கூப்பிட்டால் ஓடிவர ஆள் உண்டு. சுகாதார நிலையத்தில் இரவில் பெரும்பாலும் தனியாள். 2011 தானே புயல் போலச் சாலைகளில் மரங்கள் விழுந்துவிட்டால், 108 வந்து சேரும்வரை தாயும் சேயும் உங்கள் பொறுப்பு. பயிற்சி போதாத ஒருவரை இங்கே தனியே நிறுத்துவது அநியாயம் என்பேன்.

மனநிறைவு: வார்டில் தேறியவர் வீடு திரும்பிய பின் என்ன ஆனார் என்பது பெரும்பாலும் தெரியாது. சுகாதார நிலையத்தில் நீங்கள் பிரசவம் பார்த்த குழந்தையே ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு வரும். எடைத் தட்டில் கிடத்தி, கூடிய எடையை அட்டையில் நீங்களே எழுதுவீர்கள். இதற்கு ஈடு எதுவும் இல்லை.

புதிதாகச் சேர்பவர் தலைமை மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கலாம். கை பழகியவருக்கு, ஊரோடு ஒட்டி வாழ விரும்புபவருக்குச் சுகாதார நிலையமே பொருந்தும்.